எழுந்து நின்றால் கிறுகிறுப்பு: அடுத்து எந்த டெஸ்ட்?

வயது 34, பெண். நாலு மாசமா எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, மதியத்துக்குள் அடித்துப்போட்ட அசதி. ஹீமோகுளோபின் 12.4, சர்க்கரை, தைராய்டு நார்மல். ஆனால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9 தான் (இதைத் தனியாகக் கேட்டால்தான் எடுப்பார்கள், ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம்).

ஐந்து நிமிடம் படுத்தபின் பிபி 112/74, நாடி 72. நின்று 3 நிமிடத்தில் 110/76, நாடி 98. பத்தாவது நிமிடம் நாடி 108. மேல் பிபி 20 அல்லது கீழ் பிபி 10 இறங்கினால்தான் நிற்கும்போது வரும் லோ பிபி. இங்கே பிபி இறங்கவில்லை, நாடி மட்டும் 36 ஏறுகிறது. 'போட்ஸ்' (POTS, நிற்கும்போது நாடி அளவுக்கு மீறி ஏறும் கோளாறு) சந்தேகம்.

இரும்பு மாத்திரையை டீயோடு போட்டது வீண். இப்போது இரண்டு மணி நேர இடைவெளி. இரண்டு வருடமாக பான்டோப்ரசோல் வேறு (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, இரும்பும் பி12-உம் உடலில் சேர்வதைக் குறைக்கலாம்), பி12 இன்னும் பார்க்கவில்லை.

ஃபெரிட்டினை ஏற்றிவிட்டு மறுபடி நாடி பார்ப்பதா, இப்போதே டில்ட் டேபிள் டெஸ்டா (மேசையில் படுக்கவைத்து, அதைச் சாய்த்து நிமிர்த்தி பிபி, நாடி பார்ப்பது)? மதுரைப் பக்கம் அது எங்கே எடுக்கிறார்கள்?