வலி மாத்திரையை நிறுத்தியதும் அம்மா படுத்துவிட்டார், கார்டிசால் குறைவா?

முக்கூடல் மகள்:
அம்மாவுக்கு ரொம்ப வருஷமாக முழங்கால் வலி, வேலையும் உட்கார்ந்து பீடி சுற்றுவது. ஒருவரிடம் பேர் போடாத பொட்டலத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார், வலி சட்டென்று நிற்கும், பசியும் நன்றாக எடுக்கும். போகப் போக முகம் உருண்டு, வயிறு பெருத்து, கைகால் மெலிந்து, பீடித் தட்டு இடித்த இடமெல்லாம் கன்றிப்போனது. சுகரும் வந்துவிட்டது. பயந்துபோய் மாத்திரையை அப்படியே நிறுத்தினோம். இப்போது எழுந்து நின்றாலே தலைசுற்றல், சோற்றைப் பார்த்தால் குமட்டல். அந்த மாத்திரையில் இருந்த ஸ்டீராய்டு கூடிப்போய்தான் முகம் வீங்கியது என்கிறார்கள், அப்படியென்றால் கார்டிசால் எப்படிக் குறையும்?

பாளை நர்ஸ்:
தங்கச்சி, பதிலுக்குக் காத்திருக்காதீங்க, இன்றைக்கே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. வாந்தி, மயக்கம் என்றால் நேரே அவசரப் பிரிவுக்கு.
கார்டிசால் என்பது உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு. அதைச் சுரப்பது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி. சுரக்கச் சொல்லி உத்தரவு போடுவது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. வெளியிலிருந்து தினமும் ஸ்டீராய்டு வந்தால் பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும், வேலையில்லாத அட்ரினல் சுருங்கிப்போகும். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 5 மி.கி. என்பதே உடம்பு ஒரு நாளைக்குச் சுரக்கும் கார்டிசாலுக்கு ஏறக்குறைய சமம், அந்தப் பொட்டலத்தில் எவ்வளவு இருந்ததோ யாருக்குத் தெரியும்! திடீரென்று நிறுத்தினால் சுரப்பி உடனே எழுந்து வராது, மாதக்கணக்கில்கூட ஆகலாம். அதனால்தான் படிப்படியாகக் குறைப்பார்கள். மிச்ச மாத்திரை இருந்தால் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்க. கார்டிசால் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், அதனால் ரத்தம் காலை 8 மணி வாக்கில் எடுப்பார்கள், ஆனால் நிலைமை மோசமென்றால் அதற்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

அம்பை அண்ணாச்சி:
எங்க மாமாவுக்கும் கார்டிசால் குறைவுதான், ஆனால் காரணம் வேறு, டி.பி. அட்ரினலையே தின்றுவிட்டது. அடிசன் நோய் என்பார்கள், 1855-லேயே தாமஸ் அடிசன் என்ற டாக்டர் எழுதிவைத்தது. ஈறு, உள்ளங்கை ரேகையெல்லாம் கறுத்து, உப்பை அள்ளி அள்ளித் தின்றார். மாத்திரையால் வருவதில் அப்படிக் கறுக்காது. காய்ச்சல் வந்தால், அவர் தினமும் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை அளவை இரண்டு மடங்காக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு என்ன செய்யணும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்க, வெளியூர் போகும்போது அந்தச் சீட்டு பையில் இருக்கணும்.

முக்கூடல் மகள்:
சேர்த்துவிட்டோம் அக்கா. டிரிப்போடு, கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டார்கள், சாயங்காலமே எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். எலும்பு தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கப் போகிறார்களாம். சுகர் போய்விடுமா?

பாளை நர்ஸ்:
ஸ்டீராய்டு அளவு குறையக் குறைய பலருக்கு இறங்கும், சிலருக்கு நின்றுவிடும். அதுவரை சுகர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க. அம்மா மாதிரி அந்தப் பொட்டலம் வாங்குகிறவர்கள் உங்க தெருவில் இன்னும் இருப்பார்கள், அவர்களிடமும் பேசுங்க. சட்டென்று நிறுத்தச் சொல்லாமல், டாக்டரிடம் போகச் சொல்லுங்க.