நீள ரப்பர் குழாய் வைத்த பழைய பால் புட்டி: ஏன் தடை செய்தார்கள்?

பார்வதி (தென்காசி):
மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்து வந்து இரண்டு மாதமாகிறது. போன வாரம் இங்கே ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் பழைய பால் புட்டி ஒன்றைப் பார்த்தேன். தட்டையான கண்ணாடிக் குப்பி, வாயில் தக்கை, அதிலிருந்து ஒரு முழத்துக்கு ரப்பர் குழாய், நுனியில் நிப்பிள். பிரான்சில் 1910-இல் சட்டம் போட்டே இதைத் தடுத்தார்கள் என்று எழுதியிருந்தது. ஒரு புட்டிக்குச் சட்டமா? யாருக்காவது விவரம் தெரியுமா?

செல்வி (ஓய்வுபெற்ற செவிலியர்):
பார்வதிம்மா, 31 வருடம் பச்சிளங்குழந்தை வார்டில் இருந்தவள் நான். புட்டியைக் கழுவியதும் மூடியின் மரைக்குள் விரல் விட்டுப் பார்ப்பேன். வழவழவென்று இருந்தால் மறுபடி கழுவ வேண்டும். அந்தக் குழாய்க்குள் எந்த விரல் போகும்? ஒட்டிய பால் உள்ளேயே புளித்துக் கிடக்க, அடுத்த வேளைப் பாலும் அது வழியாகத்தான் வரும். ஆனால் புட்டியைத் தொட்டிலில் வைத்துவிட்டால் குழந்தை தானே சப்பிக்கொள்ளும் என்பதால் நிறையப் பேர் வாங்கினார்கள். நம் சங்கு, பாலாடை எல்லாம் திறந்த வாய். அழுக்கு ஒளிய இடமே இல்லை.

முருகேசன்:
செல்வி அக்கா, அந்தக் காலத்தில் குழந்தைகள் இறந்த பழியைப் புட்டி மேலும் தாய் மேலும் போட்டுவிட முடியுமா? வறுமைதானே காரணம்? ஏழைகள் வாங்கியது கொழுப்பு நீக்கிய சர்க்கரைப் பால் டின். அதில் குழந்தைக்கு என்ன சத்து இருக்கும்?

செல்வி:
தாயை ஒரு சொல் சொல்ல மாட்டேன், தம்பி. வறுமை அடித்தளம்தான். ஆனாலும் இந்தக் கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்து, வேல்ஸில் 1911-இல் கடும் வெயில். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 130 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 1912-இல் கோடை குளிர்ந்து மழையாக இருந்தது, எண்ணிக்கை 95. ஒரே வருடத்தில் வறுமை போய்விடவில்லையே! வெயிலில் பால் கெட்டது, தெருவில் குதிரைச் சாணம், அதில் மொய்த்த ஈ பாலிலும் உட்கார்ந்தது. ஆகஸ்ட் வந்தாலே வயிற்றுப்போக்குதான்.

1899-இல் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் நகராட்சி குழந்தைகளுக்கான பால் நிலையம் திறந்தது. வேளைக்கு ஒரு புட்டி, காய்ச்சி மூடித் தருவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவர் பாரிஸ் மருத்துவர் பியர் புடேன். 1892-இலேயே, பிரசவமாகி வீடு போன தாய்மாரை வாரந்தோறும் குழந்தையோடு வரவழைத்து எடை போட்டார். முதலில் தாய்ப்பால், போதாதவர்களுக்கு மட்டும்தான் காய்ச்சிய பால். தராசில் குழந்தையை வைக்கும்போது தாய் முகத்தில் வரும் தவிப்பை நான் தினமும் பார்த்திருக்கிறேன். எடை கூடியிருந்தால் அவளே நிமிர்ந்து உட்காருவாள்.

பார்வதி (தென்காசி):
ரொம்ப நன்றிம்மா. இதைப் படித்ததும் எழுந்து போய்ப் பேரனின் புட்டி மூடியில் விரல் விட்டுப் பார்த்தேன். வழவழப்பு இருந்தது. இப்போது அடுப்பில் வெந்நீர் கொதிக்கிறது.