ஒரே கணினியில் இரண்டு கெர்னல்கள்: ஃபர்ம்வேரைப் புதுப்பித்தபின் பழைய கெர்னலில் வைஃபை இல்லை

கேள்வி

வணக்கம். என் கணினியில் 5.15, 6.6 என இரண்டு லினக்ஸ் கெர்னல்களை (இயங்குதளத்தின் மையப்பகுதி) வைத்திருக்கிறேன். 5.15-ஐ நானே மூலநிரலிலிருந்து தொகுத்தேன். ஓர் அளவீட்டுக் கருவியின் டிரைவர் (கெர்னல் அக்கருவியோடு பேச உதவும் நிரல்) அதில் மட்டுமே இயங்குவதால் அதைக் கைவிட இயலாது. வைஃபை அட்டை ஏஎக்ஸ்200, டிரைவர் ஐடபிள்யூஎல்வைஃபை. சென்ற வாரம் ஃபர்ம்வேர் (அட்டை போன்ற வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருள்) தொகுப்பைப் புதுப்பித்ததிலிருந்து 6.6-இல் வைஃபை வழக்கம்போல இணைகிறது, 5.15-இலோ வைஃபை இருப்பதாகவே தெரியவில்லை. கெர்னல் பதிவில், டிரைவர் ஃபர்ம்வேர் கோப்பின் எண்ணை ஒவ்வொன்றாகக் குறைத்துக் கேட்டுக்கொண்டே போகிறது. ஒவ்வொரு வரியும் பிழை -2 என்று முடிகிறது. கடைசியில் பொருத்தமான ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்கிறது. லினக்ஸ் ஃபர்ம்வேர் களஞ்சியத்திலிருந்து 77 எண்ணுள்ள கோப்பை இறக்கி, 5.15 கேட்கும் எண்ணுக்குப் பெயர் மாற்றி வைத்தேன். அப்போது, இந்த ஃபர்ம்வேரின் ஏபிஐ-க்கு (டிரைவரும் ஃபர்ம்வேரும் பேசிக்கொள்ளும் முறை) டிரைவரில் ஆதரவில்லை என்று வேறொரு பிழை வந்தது. இரண்டு கெர்னல்களுக்கும் ஃபர்ம்வேர் பொருந்தி வரும்படி எப்படி அமைப்பது?

மறுமொழி 1

பெயரை மாற்றியதால் பயனில்லை. அந்த டிரைவருக்குள் ஒவ்வொரு அட்டைக் குடும்பத்துக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை என இரண்டு எண்கள் எழுதப்பட்டுள்ளன. மேல் எல்லையிலிருந்து தேடத் தொடங்கி, கோப்பு கிடைக்கும்வரை ஒவ்வொன்றாக இறங்குகிறது. பிழை -2 என்றால் அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்பதே பொருள். நன்றாக இயங்கும் கணினியிலும் இப்படிச் சில வரிகள் வருவதுண்டு, அதற்காக யாரும் பதற வேண்டியதில்லை. ஆனால் கோப்பு கிடைத்தபின் டிரைவர் பெயரை நம்புவதில்லை. கோப்பின் தலைப்பகுதியில் பதிந்துள்ள ஏபிஐ எண்ணைப் படித்து, அது தன் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது. 77 என்பது 5.15 வெளிவந்த பிறகு வந்த எண்.

இந்தக் கண்டிப்பு தேவையானதே. அட்டைக்குள் ஓடும் ஃபர்ம்வேரோடு டிரைவர் கட்டளைகளால் பேசுகிறது. ஒவ்வொரு கட்டளையும் இன்ன பைட்டில் இன்ன மதிப்பு என்று வரையறுத்த அமைப்பு. அருகிலுள்ள வலையமைப்புகளைத் தேடச் சொல்லும் கட்டளையின் நடுவில் புதிதாக ஒரு புலம் சேர்ந்தால், அதற்குப் பின் வருபவை எல்லாம் இடம் தள்ளிப் போகும். சேனல் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஃபர்ம்வேர் வேறெதையோ படிக்கும். இதைச் சமாளிக்கவே, அண்மைக்கால ஃபர்ம்வேர் கோப்புகள் எந்தக் கட்டளையின் எந்தப் பதிப்பைத் தாம் ஏற்கும் என்ற பட்டியலையும் உடன் கொண்டு வருகின்றன. டிரைவர் அதைப் பார்த்து உரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்கும். ஆனால் தான் எழுதப்பட்ட பிறகு பிறந்த அமைப்பை எந்த டிரைவராலும் அறிய முடியாது.

ஆகவே 5.15-இன் எல்லைக்குள் வரும் கோப்பு உங்களுக்கு வேண்டும். ஃபர்ம்வேர் கோப்புறையில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்

விளக்கத்துக்கு நன்றி. 5.15 கேட்ட எண்களில் ஒன்று கோப்புறையில் இருக்கிறது. இருந்தும் அதற்கும் -2 என்றே வருகிறது. புதுப்பித்த பிறகு எல்லாக் கோப்புப் பெயர்களும் இசட்எஸ்டி என்ற பின்னொட்டோடு முடிவதைக் கவனித்தேன்.

மறுமொழி 2

அந்தப் பின்னொட்டுதான் காரணம். சுருக்கப்பட்ட ஃபர்ம்வேரைக் கெர்னல் நேரடியாகப் படிக்கும் வசதி 5.3-இல் எக்ஸ்இசட் முறைக்கு மட்டும் வந்தது; இசட்எஸ்டி பின்னொட்டு குறிக்கும் இசட்ஸ்டாண்டர்ட் முறைக்கு 5.19-இல்தான் வந்தது. எனவே உங்கள் 5.15-ஐப் பொறுத்தவரை அந்தக் கோப்பு இல்லாததற்குச் சமம்.

முழுத் தொகுப்பையும் பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டாம். கெர்னல், பொதுவான ஃபர்ம்வேர் கோப்புறையைத் தேடுவதற்கு முன், அதற்குள் தன் பதிப்புப் பெயரைத் தாங்கிய துணைக் கோப்புறையில் தேடும். 5.15-இல் இருக்கும்போது யூநேம் கட்டளை காட்டும் கெர்னல் பதிப்புப் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கும்படி ஒரு துணைக் கோப்புறையை உருவாக்கி, எல்லைக்குள் வரும் அந்த ஒரு கோப்பை விரித்து, எண்ணை மாற்றாமல் அதில் வையுங்கள். 6.6 அந்தப் பக்கமே போகாது. வைஃபை டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்-இலிருந்து (கணினி தொடங்கும்போது முதலில் ஏற்றப்படும் சிறு கோப்புத் தொகுப்பு) ஏற்றப்படுமானால் அதையும் மறுபடி உருவாக்க வேண்டும். இதை மறந்துவிட்டு மணிக்கணக்கில் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் மாற்றிய 77-ஐத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். பொய்யான எண்ணோடு ஒரு கோப்பு கிடந்தால் பின்னால் பார்ப்பவர் எவரையும் அது வழிதவறச் செய்யும்.

மறுமொழி 3

தொகுப்புகளைப் பராமரிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். புதிய கெர்னலுக்கு மாறுபவர் வன்பொருள் தொடர்ந்து இயங்குவதற்காகப் புதிய ஃபர்ம்வேரை நிறுவ வேண்டிய நிலை வரக்கூடாது, புதிய ஃபர்ம்வேரும் பழைய கெர்னலைக் கெடுக்கக்கூடாது என்று கெர்னல் ஆவணமே டிரைவர் எழுதுவோரிடம் கேட்டுக்கொள்கிறது. இது மிக நல்ல விதி. இன்னும் கறாராகப் பின்பற்றப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் டிரைவர்களின் கீழ் எல்லை காலப்போக்கில் உயர்த்தப்படுகிறது. களஞ்சியத்திலிருந்து பழைய எண்கள் நீக்கப்படுவதும் உண்டு. 5.15-ஐ நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், அதற்குப் பொருந்தும் கோப்பைத் தொகுப்பு மேலாளர் தொடாத இடத்திலும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

கேட்டவர்

துணைக் கோப்புறையை உருவாக்கிக் கோப்பை விரித்து வைத்தேன், இனிட்ராம்எஃப்எஸ்-ஐயும் புதுப்பித்தேன். 5.15-இன் பதிவில் முதலில் சில -2 வரிகள் வந்தன, அடுத்து ஃபர்ம்வேர் ஏற்றப்பட்ட வரி வந்தது, வைஃபை இணைந்துவிட்டது. 6.6-இலும் சோதித்தேன், மாற்றமில்லை. 77-ஐ நீக்கிவிட்டேன், நகலும் எடுத்துவிட்டேன். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.