ஊடகமும் பண்பாடும் படிப்பதென்றால் உண்மையில் எதைப் படிப்பது?

உப்புவெளி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை உப்புவெளியைச் சேர்ந்தவள். உயர்தரத்தில் தமிழ், புவியியல், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஆகிய மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறேன். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தெரிவுகளை எந்த ஒழுங்கில் இடுவது என்பதை இன்னும் சில நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கையும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் ஊடகக் கற்கைகளும் இருக்கின்றன. இவற்றையே முதலில் இட வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால் வீட்டில் எவரும் உடன்படவில்லை. “வானொலியில் பேசுவதற்கு நான்கு வருடப் படிப்பு எதற்கு?” என்று பெரியப்பா கேட்கிறார். அம்மாவின் தயக்கம் வேறு. 2006 இல் இந்த ஊரில் நடந்தவற்றை அவர் இன்னும் மறக்கவில்லை. எனக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. உயர்தரத்தில் அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர் என்று மாதிரிகளை மனனம் செய்து எழுதினோம். பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களிலோ கருத்தியல், அடையாளம், பார்வையாளர், பண்பாடு என்ற சொற்களே அதிகம் வருகின்றன. ஊடகம் படிக்கப் போகிறவர் பண்பாட்டை ஏன் படிக்க வேண்டும்? இந்தத் துறையில் படித்தவர்களும் பணியாற்றுகிறவர்களும் தங்கள் அனுபவத்திலிருந்து விளக்கினால் வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுவேன்.

மடத்தடி

தங்கை, நான் ஊடகக் கற்கையில் இறுதியாண்டில் இருக்கிறேன். நீங்கள் மனனம் செய்த அந்த மாதிரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் முதலாம் ஆண்டின் பெரும்பகுதி அதைக் கேள்விக்கு உட்படுத்துவதிலேயே கழிந்தது. அனுப்பியவர் கருதிய பொருளே பெறுகிறவரையும் சென்றடைகிறது என்பது அந்த மாதிரியின் அடியில் இருக்கும் நம்பிக்கை. ஜமேக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஸ்டுவர்ட் ஹோல் என்ற அறிஞர் 1973 இல் இதை மறுத்தார். செய்தியை உருவாக்குகிறவர் அதில் ஒரு பொருளைக் குறியேற்றுகிறார், அதாவது சொல்லாலும் படத்தாலும் உள்ளே வைக்கிறார். பார்க்கிறவரோ தமது வாழ்நிலையில் நின்றுகொண்டு அதைக் குறிநீக்கம் செய்கிறார், அதாவது தமக்கான பொருளை எடுத்துக்கொள்கிறார். இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பது அவருடைய வாதம்.

இதை நம் கடற்கரையில் வைத்துப் பாருங்கள். சுருக்குவலைத் தொழிலுக்குக் கட்டுப்பாடு என்று இரவுச் செய்தியில் சொல்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். செய்தி அதைச் சட்டத்தையும் கடல்வளத்தையும் காக்கும் நடவடிக்கையாகச் சொல்கிறது. சிறுவலை போட்டுத் தொழில் செய்கிறவர், செய்தி சொன்னபடியே அதை ஏற்றுக்கொள்ளக்கூடும். கடன்பட்டுச் சுருக்குவலை வாங்கியவர், யாருடைய நலனுக்காக இப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு, முழுச் செய்தியையும் எதிர்த்திசையில் வாசிப்பார். மீன் வாங்கி விற்கும் வியாபாரியோ சட்டம் வேண்டும்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, எங்கள் துறைக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம் என்பார். ஏற்பு வாசிப்பு, எதிர் வாசிப்பு, இணக்க வாசிப்பு என்று ஹோல் பிரித்த மூன்றும் ஒரே மீன்வாடியில் ஒரே இரவில் நடக்கின்றன. இவற்றுள் எது எவரிடம் நிகழும் என்பதைத் தொழில், மொழி, மதம், வர்க்கம், ஊர், குடும்பம் எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அந்த எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்த பெயர்தான் பண்பாடு. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரியவில்லை.

பிரதேசச் செய்தியாளர்

நான் பட்டம் பெற்றவன் அல்லன். திருகோணமலை மாவட்டத்தில் பல வருடங்களாகச் செய்தி சேகரிப்பவன். மேலே எழுதிய தம்பி சொன்னவை சரியானவை. ஆனாலும் அந்தக் கோட்பாடுகளைக் கற்றுக்கொண்டு செய்தி அறைக்கு வருகிறவர்களில் சிலர், ஒரு பிரதேச சபைக் கூட்டத்தில் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதை நான்கு வரியில் தெளிவாக எழுதத் தடுமாறுவதையும் பார்த்திருக்கிறேன். எனவே எந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றாலும் முதலாம் ஆண்டிலிருந்தே வாரத்துக்கு ஒரு செய்தியாவது எழுதிப் பழகுங்கள்.

சிங்களம் கற்றுக்கொள்ளுங்கள். சேருவிலையில் நடக்கும் ஒரு காணிப் பிரச்சினையைத் தமிழில் மட்டும் விசாரித்து எழுதினால் அது பாதிச் செய்தி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. ஓர் அரச அலுவலகத்துக்கு விண்ணப்பம் கொடுத்தால், தகவலைத் தருவதா மறுப்பதா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மாணவராக இருக்கும்போதே உங்கள் ஊர்க் கடற்கரையோரக் காணி எதைப் பற்றியாவது ஒரு விண்ணப்பம் எழுதிப் பாருங்கள். நிர்வாகம் எந்த மொழியில், எந்தத் தொனியில் பதில் எழுதுகிறது என்பதே ஒரு பாடமாக இருக்கும்.

உங்கள் அம்மாவின் அச்சத்தைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. 2006 ஜனவரி 2 ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கைக்குண்டு வெடித்து இறந்ததாகக் கூறப்பட்டபோது, உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதைக் காட்டியவை ‘சுடர் ஒளி’ செய்தியாளர் எஸ். எஸ். சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24 ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த ஊரில் ஊடகம் படிக்க விரும்புகிற எவரும் அவருடைய பெயரை அறியாமல் அந்தப் படிப்பைத் தொடங்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அம்மாவிடம் இதை மறைத்துப் பேசாதீர்கள். இன்று நிலைமை அன்றுபோல் இல்லை என்பதையும், இந்தப் படிப்பை முடித்தவர்கள் எல்லோரும் செய்தியாளர் ஆவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஊடக ஆசிரியை

தங்கை, நான் ஊடகப் பட்டதாரி; இப்போது உயர்தர வகுப்புகளுக்கு நீங்கள் படித்த அதே பாடத்தைக் கற்பிக்கிறேன். பெரியப்பாவிடம் முதலில் இதையே சொல்லுங்கள், தொழில் பற்றிய கவலை கொஞ்சம் குறையும்.

பண்பாட்டை ஏன் படிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டதற்கு என் இறுதியாண்டு ஆய்வையே பதிலாகத் தருகிறேன். நான் எடுத்துக்கொண்டவை மரண அறிவித்தல்கள். அக்காலத்தில் நம் வீடுகளில் வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கினால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பிறகு பத்திரிகை, இப்போது மின்கம்பங்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலியும் முகநூலும். ஊடகம் மாறிக்கொண்டே போகிறது, வாசகம் மட்டும் பெரிதாக மாறவில்லை. “பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட” என்று தொடங்கும். காலஞ்சென்ற பெற்றோர், துணைவர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு வரிசை. இறுதியில் தகனக் கிரியைகளின் இடமும் நேரமும். இதை நூறு முறை கேட்ட நமக்கு அதில் ஆராய ஒன்றும் இல்லை என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சேகரித்து வரிசைப்படுத்திய பின்னர்தான் பிள்ளைகளின் பெயர்களுக்கு அருகில் கனடா, லண்டன், சுவிஸ் என்று இடப்பெயர்கள் வந்து சேர்ந்த விதம் கண்ணில் பட்டது. ஓர் ஊரின் இடம்பெயர்வு முழுவதும் அந்தச் சிறிய கட்டத்துக்குள் அச்சாகியிருந்தது. யாருடைய தொழில் குறிப்பிடப்படுகிறது, யார் ‘அன்பு மனைவி’ என்று மட்டும் நின்றுவிடுகிறார், எந்த உறவு விடுபடுகிறது என்ற கேள்விகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஊடகத்தையும் பண்பாட்டையும் தனித்தனியாக வைத்து இந்தக் கேள்விகளைக் கேட்கவே முடியாது.

இது மேல்நாட்டிலிருந்து இறக்கிய படிப்பு என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. ஹோல் பணியாற்றிய சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம் 1964 இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஈழத்துத் தமிழ் இலக்கியத் திறனாய்வாளர்களான பேராசிரியர் கைலாசபதியும் பேராசிரியர் சிவத்தம்பியும் 1960களில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ததும் அதே பல்கலைக்கழகத்தில்தான், கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில். அந்த மையத்தில் அவர்கள் படிக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் திரித்துச் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் கைலாசபதி தினகரன் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். சிவத்தம்பி தமிழ்த் திரைப்படம் அரசியல் தொடர்பாடலின் ஊடகமாக இயங்கிய விதம் பற்றி 1981 இல் ஒரு நூலே எழுதியவர். பொதுமக்கள் விரும்பிப் பார்ப்பதையும் வாசிப்பதையும் ஆய்வுக்குரிய பொருளாகக் கருதும் மரபு நம்மிடமும் இருந்தது என்பதற்கு இவையே போதும்.

ஒரு சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். வாசிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆதிக்கத்தில் உள்ளவர்களின் கருத்தை மற்றவர்களும் இயல்பானதாக ஏற்றுக்கொள்வதைக் குறிக்கும் hegemony என்ற ஒரே கருத்துக்கு ஒருவர் ‘மேலாண்மை’ என்பார், இன்னொருவர் ‘மேலாதிக்கம்’ என்பார்; முதல் வருடம் இந்தச் சொற்களிலேயே நான் தடுக்கி விழுந்தேன். ஒரு குறிப்பேடு வைத்து, புதிய கலைச்சொல் வரும்போதெல்லாம் அதற்கு நம் ஊரிலிருந்து ஓர் உதாரணம் எழுதி வையுங்கள். உதாரணம் கிடைக்காத சொல்லை நீங்கள் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

உப்புவெளி மாணவி

அண்ணாமாருக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று பதில்களையும் நேற்றிரவு வீட்டில் வாசித்துக் காட்டினேன். சுகிர்தராஜனைப் பற்றிய பகுதியை வாசித்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அந்த மாணவர்களின் இறுதி ஊர்வலத்தைப் பற்றி அவராகவே பேசத் தொடங்கினார். இதுவரை அவர் எங்களிடம் அதைச் சொன்னதில்லை.

அக்கா எழுதியதை வாசித்தபின் அலுமாரியில் இருந்த அப்பப்பாவின் மரண அறிவித்தலை எடுத்துப் பார்த்தேன். “சம்பூரைப் பிறப்பிடமாகவும் உப்புவெளியை வசிப்பிடமாகவும் கொண்ட” என்று இருக்கிறது. 2006 இல் போரினால் சம்பூரை விட்டு வெளியேறிய பிறகு அவர் மட்டக்களப்பிலும் கிளிவெட்டி அகதி முகாமிலும் இருந்த வருடங்களுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. அதை எழுதிக் கொடுத்தவர் யார் என்று அப்பாவிடம் கேட்டேன். தானே எழுதியதாகவும், முகாமை எந்தச் சொல்லின் கீழ் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

கோணேசபுரியை முதலாவது தெரிவாகவும் யாழ்ப்பாணத்தை இரண்டாவதாகவும் இடுகிறேன். சிங்கள வகுப்புக்கு இந்த வாரமே பெயர் கொடுக்கப் போகிறேன்.