ட்ரெய்லரா, கேஸ் டேங்கரா? ஓட்டியவர்கள் வழி சொல்லுங்கள்

அண்ணன்மார்களுக்கு வணக்கம். எனக்கு நாமக்கல் பக்கம். மூன்று வருடம் கிளீனராக ஓடிவிட்டு இப்போதுதான் ஹெவி லைசென்ஸ் எடுத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் கூப்பிடுகிறார்கள். ஒன்று இரும்பு லோடு அடிக்கும் ட்ரெய்லர், இன்னொன்று மங்களூரு, கொச்சி பக்கம் ஓடும் கேஸ் டேங்கர்.

ட்ரெய்லர் வேலை ஓரளவு தெரியும். போன மழைக்காலத்தில் தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, காயிலை, அதாவது இரும்புத் தகட்டுச் சுருளைக் கட்டியிருந்த சங்கிலியைத் தொட்டுப் பார்த்தேன். கையோடு ஆடியது. அண்டை கொடுத்த கட்டையும் நகர்ந்திருந்தது. டிரைவர் அண்ணனும் நானும் நனைந்துகொண்டே மறுபடி இறுக்கினோம். பார்க்காமல் இறங்கியிருந்தால்? இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

டேங்கரில் சங்கிலி, தார்ப்பாய் வேலை இல்லை. ஆனால் சூட்டில் கேஸ் விரிய இடம் விட்டுத்தான் நிரப்புவார்கள். அதனால் பிரேக் போட்டால் உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் முன்னால் வந்து தள்ளும், வளைவில் வண்டியையே சாய்க்கும் என்கிறார்கள். அபாய லோடுக்கான 3 நாள் பயிற்சியை முடித்துவிடுவேன். என் பயமெல்லாம் அந்த வளைவுதான்.

புதிதாக ஸ்டியரிங் பிடிப்பவன் நேராக டேங்கரில் ஏறலாமா, இல்லை ஒரு வருடம் ட்ரெய்லரில் கை பழகிவிட்டுப் போகலாமா? அப்புறம், பிளான்ட் வாசலில் லோடுக்குக் காத்துக் கிடக்கும் நாளுக்குப் பேட்டா உண்டா? வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன். திங்கட்கிழமைக்குள் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு வண்டியும் ஓட்டிய அண்ணன்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.