குடும்பக் குழுவில் ஒரு விமானம்

கார்த்தி: 📷 ஜெனோவா விமான நிலையத்தில் நிற்கிறது. யாருக்காவது தெரியுமா?

மீனா அத்தை: ஃபேன் ஏன் பின்பக்கம் இருக்கிறது? திருப்பி மாட்டிவிட்டார்களா?

அகிலா: ரிவர்ஸ் கியர் மட்டும்தான் போல 😂

ராஜு சித்தப்பா: சிரிக்காதீர்கள். அது அவந்தி, பி.180. பியாஜியோ விமானம். 1986 செப்டம்பரில் முதல் தடவை பறந்தது.

அகிலா: பியாஜியோவா? ஆட்டோ கம்பெனி அல்லவா?

ராஜு சித்தப்பா: ஒரே வேர்தான் அகிலா. 1960களில் விமானம் தனி, வெஸ்பா தனி என்று பாகம் பிரிந்துவிட்டது.

கார்த்தி: மூக்கில் குட்டி இறக்கை, நம் தஞ்சாவூர் சுகோய் போர் விமானம் மாதிரி.

ராஜு சித்தப்பா: சுகோயில் அந்த இறக்கையே அசையும். இதில் அசையாது, அதன் பின் ஓரத்தில் உள்ள ஃபிளாப் என்கிற தகடு மட்டும் இறங்கும். சாதாரண விமானத்தில் வால் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும், அந்தச் சுமையையும் பெரிய இறக்கைதான் தூக்க வேண்டும். இங்கே முன்னால் இருப்பதும் சேர்ந்து தூக்குகிறது. அதனால் பெரிய இறக்கை 16 சதுர மீட்டர் போதும். அதுவும் பயணிகள் அறைக்குப் பின்னால் போய்விட்டதா, உள்ளே 1.75 மீட்டர் உயரம் கிடைக்கிறது.

மீனா அத்தை: நான் நிமிர்ந்து நிற்பேன். மாமா பாடுதான் திண்டாட்டம்.

அகிலா: வேகம்?

ராஜு சித்தப்பா: அதிகபட்சம் மணிக்கு 740 கிலோமீட்டர் வரும். சின்ன ஜெட்டே திரும்பிப் பார்க்கும். பிராட் அண்ட் விட்னி கனடாவின் பிடி6 எஞ்சின் இரண்டு, ஒவ்வொன்றும் 850 குதிரைத்திறன். 41,000 அடி வரை ஏறும்.

கார்த்தி: எஞ்சின் போட்டதும் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், காது கூசிவிட்டது.

ராஜு சித்தப்பா: எஞ்சின் புகை நேராகப் புரொப்பெல்லருக்குள் போய் அடிக்கிறதே, அதுதான். அந்தச் சூட்டில் புரொப்பெல்லரில் பனி படியாது, அது லாபம். உள்ளே இருப்பவர்களுக்கு அமைதி, கூச்சல் முழுவதும் கீழே நிற்கிற உனக்கு.

கார்த்தி: இறக்கை நுனி மேலே வளைந்திருக்கிறது. புரொப்பெல்லர் அரிவாள் மாதிரி.

ராஜு சித்தப்பா: அப்படியென்றால் அவந்தியின் புது ரகம், ஈவோ, 2014இல் வந்தது. அதற்கு முன் 2005இல் அவந்தி 2, எஞ்சினும் விமானி அறைத் திரைகளும் புதிது. அரிவாள் வடிவமே சத்தத்தைக் குறைக்கத்தான்.

கார்த்தி: குறைத்தும் இப்படியா?!

ராஜு சித்தப்பா: பழையதைக் கேட்டிருக்க வேண்டும் நீ. ஆளில்லாத ரகமும் ஒன்று செய்து பார்த்தார்கள், ஹாமர்ஹெட் என்று. 2016இல் ஒன்று கடலில் விழுந்தது. இப்போது கம்பெனியே துருக்கியின் பைகார் கையில், 2025இல் வாங்கிவிட்டார்கள். ட்ரோன் செய்கிறவர்கள்.

கார்த்தி: 🎤 0:14 கிளம்பிவிட்டது, கேளுங்கள்!

மீனா அத்தை: இதுவா? நம் தெரு மாவு மில்.

ராஜு சித்தப்பா: அக்கா 🙏