வெளிக்குப் போகும்போது உயிர் போகிற வலி, கொஞ்சம் ரத்தம்: இது மூலம்தானா?

பிறைவாசி:
வணக்கம். வீட்டில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் இங்கே கேட்கிறேன். வயது 34, பிறையில் குடியிருக்கிறேன், பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை. சில வாரங்களாக மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டு கிழித்துக்கொண்டு வருவது போல வலிக்கிறது, முடிந்த பிறகும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு எரிச்சல் அடங்குவதில்லை, பினாங்குப் பாலத்தில் ஜேம் ஆகிவிட்டால் காரில் உட்கார்ந்திருக்கவே முடியவில்லை. டிஷ்யூவில் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம். கைக்குக் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. அம்மாவுக்கு மூலம் இருந்தது, அதனால் மருந்துக்கடையில் மூலக் களிம்பு வாங்கித் தடவிப் பார்த்தேன், பெரிதாகக் குறையவில்லை. இப்போது வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன், வந்தாலும் அடக்கிக்கொள்கிறேன். கிளினிக்குக்குப் போனால் என்ன செய்வார்கள்?

ஜெலுத்தோங் அக்கா:
தம்பி, நான் அறுவைச் சிகிச்சை வார்டில் பல வருடம் தாதியாக வேலை செய்தவள். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பு, டாக்டர்கள் பிஷர் என்பார்கள். உள்மூலத்தில் ரத்தம் வரும், வலி அவ்வளவாக இருக்காது. போகும்போது கிழிகிற வலியும் போன பிறகு நீடிக்கிற எரிச்சலும் பிஷருக்கே உரியவை. இறுகிய மலம் அங்கே உள்ள மெல்லிய தோலைக் கிழித்துவிடுகிறது, வலியில் ஆசனவாயை மூடி வைக்கும் உள்சுருக்குத் தசை இறுகிக்கொள்கிறது, தசை இறுகினால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறையும், அதனால் புண் ஆறாது. நீங்கள் அடக்கி வைக்கும் நேரத்தில் குடல் மலத்திலுள்ள தண்ணீரை இன்னும் உறிஞ்சிவிடும், அடுத்த முறை அதைவிடக் கெட்டியாக வந்து அதே இடத்தைத் திரும்பக் கிழிக்கும். தயவுசெய்து அடக்காதீர்கள், சாப்பாட்டையும் குறைக்காதீர்கள்.

அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, பிட்டத்தை லேசாக விலக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். கடுமையான வலி இருக்கும்போது விரலோ கருவியோ உள்ளே விட மாட்டார்கள், வலிக்கிறது என்று நீங்களும் தாராளமாகச் சொல்லலாம். வெடிப்பு பெரும்பாலும் பின்பக்கம் நடுவில்தான் இருக்கும். பக்கவாட்டில் இருந்தால் குரோன் நோய் (குடலில் வரும் நாள்பட்ட அழற்சி), காசநோய் போன்ற வேறு காரணம் உண்டா என்று தேடுவார்கள்.

செந்தூல் தாய்:
எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்தது. பத்தியம் என்று தண்ணீரை அளந்து கொடுத்தார்கள், கீரையும் பழமும் குளிர்ச்சி என்று தரவே இல்லை, அதோடு இரும்புச் சத்து மாத்திரை வேறு, அது மலத்தை இறுக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் அன்பாகத்தான் செய்கிறார்கள், ஆனால் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் மறுப்பது சரியே இல்லை, அதுவும் பால் கொடுக்கிறவளுக்கு. கிளினிக்கில் மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் 10, 15 நிமிடம் உட்காரச் சொன்னார்கள், முக்கியமாக வெளிக்குப் போய் வந்தவுடன். உப்போ டெட்டாலோ தேவையில்லை, வெறும் தண்ணீர் போதும். தசை தளர்கிறதை உடனே உணரலாம். இன்னொன்று, கழிவறைக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சாதீர்கள். மெதுவாகக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

பழைய காஜாங்:
எனக்கு இது நாள்பட்டுப் போனது. 6 வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால் அதை நாள்பட்ட வெடிப்பு என்கிறார்கள், வெடிப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு தோல் தொங்கும், அதைப் பார்த்து மூலம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. எனக்கு முதலில் கொடுத்தது 2% டில்டியாசெம் களிம்பு. கிளிசரில் டிரைநைட்ரேட் களிம்பும் உண்டு, இரண்டுமே தசையைத் தளர்த்தி ரத்த ஓட்டத்தைக் கூட்டுபவை. இரண்டாவதில் தலைவலி நிறைய பேருக்கு வரும், வயாக்ரா வகை மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கிவிடும். களிம்பில் ஆறாததால் கடைசியில் எனக்குச் சின்ன ஆபரேஷன், உள்சுருக்குத் தசையில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி விடுவது. அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். 10 பேரில் 9 பேருக்கு மேல் ஆறிவிடும் என்றார் சர்ஜன், அதே மூச்சில் சிலருக்கு வாயுவை அடக்குவது சிரமமாகலாம் என்பதையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். வெட்ட விருப்பம் இல்லாதவர்களுக்குத் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியும் உண்டு.

பிறைவாசி:
எல்லாருக்கும் நன்றி, மனசு கொஞ்சம் லேசானது. நாளை ஷிப்ட் இல்லை, கிளினிக்குக்குப் போகிறேன். ஒரு சந்தேகம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுப்பேன், ஒருவேளை சைவச் சாப்பாடுதான். விரதத்தைக் கைவிட மனசில்லை. காரத்தை நிறுத்தினால் போதுமா?

ஜெலுத்தோங் அக்கா:
காரம் வெடிப்பை உண்டாக்குவதில்லை, புண் இருக்கும்போது எரிச்சலைக் கூட்டலாம், அவ்வளவுதான். விரதம் இருங்கள், ஆனால் சைவம் என்றாலே நார்ச்சத்து என்று எண்ணாதீர்கள். வெள்ளைச் சோறும் பொரித்த அப்பளமும் தே தாரே டீயும் சைவம்தான், அதில் நார் எங்கே? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார் வேண்டும். அந்த ஒருவேளையில் கங்கோங் கீரை, பருப்பு, கடலை, தோலோடு கொய்யா, பப்பாளி என்று வைத்துக்கொள்ளுங்கள், நாள் முழுக்கத் தண்ணீர் குடியுங்கள். இசப்கோல் என்ற நார்ப்பொடி எடுத்தால் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் கட்டாயம், தண்ணீர் போதாமல் எடுத்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். வலி குறைந்ததும் நாரையும் தண்ணீரையும் நிறுத்திவிடாதீர்கள், திரும்ப வருவது பெரும்பாலும் அப்படித்தான். மூலக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் நீண்ட நாள் தடவக் கூடாது, தோல் இன்னும் மெலிந்துபோகும்.

ரத்தம் கறுப்பாகவோ மலத்தோடு கலந்தோ வந்தாலும், உடம்பு காரணமின்றி இளைத்தாலும், மலம் போகும் வழக்கமே மாறினாலும் பிஷர் என்று விட்டுவிடாமல் குடலைச் சோதிக்கச் சொல்லுங்கள். காய்ச்சலோடு வீங்கித் துடித்தால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு 50 தாண்டியிருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் மலத்தில் ரத்தம் பார்க்கும் சோதனை உண்டு, நாளைக்கே அவரையும் கூட்டிப் போங்கள்.